மேனேஜரின் தும்மல்

ஜனவரி 9

கோபக்காரக் கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். கிழித்துப் போடாதே. முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

நீ இந்த வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. மாற்றல் வந்தது, போனாய், அதில் எனக்கு வருத்தமில்லை. கிளம்புகிற அன்றைக்கு நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு, "மேனேஜரை நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணி" என்று நீ நின்றதும், "என் நாயைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்" என்று நான் கத்தியதும், தட்டில் போட்டதைத் தொடாமலேயே நீ கிளம்பிப் போனதும்தான் வருத்தம். தையல் கம்பெனி வாசலில் குட்டியாகக் கிடந்தவனைத் தூக்கி வந்தவள் நான். வாசற்படியில் படுத்து வருவோர் போவோரை எல்லாம் மேலும் கீழும் பார்க்கிறானே என்று மேனேஜர் எனப் பேர் வைத்தவளும் நான். நாலு வருடம் எங்களோடு இருந்துவிட்டுப் போகிறபோது வேறு எதையாவது கேட்டிருக்கக் கூடாதா?

சரி, அது கிடக்கட்டும். விஷயம் வேறு. போனில் சொல்லலாம் என்றால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தால் நான் அழுதுவிடுவேன். அதனால் கடிதம்.

மூன்று மாதமாக வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். காலர் தைக்கிற பிரிவில் நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்திருக்கிறோம், அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு சாப்பாடு இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் மூன்று புள்ளி. பெரியதில் ஊசி விட்டுப் பார்த்தார்கள். புற்றுநோய். மற்ற இரண்டும் சின்னது, அதே நோய்தான் அங்கேயும் போயிருக்கிறது என்று முடிவு பண்ணிவிட்டார்கள். ஒன்றே ஒன்றாக இருந்தால் வெட்டி எடுக்கலாமாம். இடத்துக்கு ஒன்றாகப் பரவியதால் கத்தி வைத்துப் பிரயோஜனம் இல்லையாம். அடுத்த மாதம் பதினாலாம் தேதியிலிருந்து மருந்து ஏற்றுவார்கள். குணமாக்க இல்லை, தள்ளிப்போட. டாக்டர் நல்ல மனுஷன். அதைச் சொல்லும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

உன் அண்ணன் ஒழுகாத குழாயை எல்லாம் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். டிப்போவில் எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மனுஷனுக்கு, என்னிடம் பேச ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

நீ கேட்டாயே மேனேஜரை, இப்போது தருகிறேன். உன் அண்ணனுக்குத் தன்னையே பார்த்துக்கொள்ளத் தெரியாது, நாயை எங்கே பார்ப்பார்? வந்து கூட்டிக்கொண்டு போ. கோபத்தை அங்கேயே வைத்துவிட்டு வா.

அண்ணி

*

ஜனவரி 15

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கூடத்தில் வைத்துத்தான் பிரித்தேன். ஆடறுக்கும் கூடத்தில் இறைச்சிப் பரிசோதகன் என்றால் தினமும் நூறு ஈரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன். அந்த வார்த்தையை உங்கள் கையெழுத்தில் பார்த்ததும் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். என்னாச்சு என்று கேட்டார்கள். தலை சுற்றல் என்று சொன்னேன்.

எட்டு மாதம் நான் போன் எடுக்காததற்கு நீங்கள் என்னைச் செருப்பால் அடிக்கலாம். வந்து வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முன் சில கேள்விகள். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

அந்தச் சின்னப் புள்ளி இரண்டும் என்ன அளவு? ஸ்கேன் காகிதத்தில் அவற்றுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு, கால்சியம் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? மேனேஜர் இன்னும் தும்முகிறானா? மூக்கை முன்னங்காலால் தேய்க்கிறானா? மூக்கில் ரத்தம் வந்ததா?

அவனைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கட்டிலில் ஏற்றாதீர்கள். அண்ணனிடமும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் எழுதினேன். அடித்துவிட்டேன். பதில் உடனே போடுங்கள்.

உங்கள் கொழுந்தன்

*

ஜனவரி 20

கொழுந்தனாருக்கு,

நான் சாகப்போகிறேன் என்று எழுதினால் நாய் தும்முகிறதா என்று கேட்கிறாய். உன்னைப் பெற்ற மகராசி இப்போது இருந்திருந்தால் அந்தக் கடிதத்தைச் சுருட்டி உன் தலையிலேயே இரண்டு போட்டிருப்பார்.

தும்முகிறான். நீ இங்கே இருந்த கடைசி வருடத்தில் ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. காலையில் வாசலில் உட்கார்ந்து வரிசையாக ஏழெட்டு. பக்கத்து வீட்டு டீச்சர் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பள்ளிக்கூடம் கிளம்புகிறார். மூக்கை மிதியடியில் போட்டுத் தேய்க்கிறான். போன மாதம் இரண்டு தடவை லேசாக ரத்தம் வந்தது. சளிதான் என்று நானே என் கையால் துடைத்துவிட்டேன். கை கழுவினேனா என்று கேட்கப் போகிறாய். பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டு எந்த அம்மா ஓடிப்போய்க் கை கழுவுகிறாள்? எனக்கு வேறு பிள்ளை கிடையாது, உனக்குத் தெரியும்.

கட்டிலில்தான் படுக்கிறான். என் தலையணையில் பாதி அவனுக்கு.

சின்னப் புள்ளி இரண்டும் பட்டாணி அளவுகூட இல்லை. நீ சொன்ன மாதிரியே பக்கத்தில் சுண்ணாம்புப் படிவு என்று எழுதியிருக்கிறது. அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நகல் வைத்திருக்கிறேன், பார்.

நீ அடித்த வரியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். "என்னால்தான்" என்று ஒரு வார்த்தை தெரிகிறது. உன்னால் என்ன? ஒளிக்காமல் எழுது. எனக்குக் காத்திருக்க நாள் அதிகம் இல்லை.

அண்ணி

*

ஜனவரி 24

அன்புள்ள அண்ணி,

என்னால்தான். சொல்லிவிடுகிறேன்.

ஆட்டின் குடலைச் சுற்றியுள்ள கொழுப்பில் சின்னச் சின்ன நெறிக்கட்டிகள் இருக்கும். அவற்றைக் கீறிப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. சில சமயம் உள்ளே வெள்ளையாக, அரிசி நீளத்தில் ஒன்று நெளியும். நாக்குப்புழுவின் குஞ்சு. புழு என்பது பேருக்குத்தான், நண்டுக்கும் இறாலுக்கும் அது தூரத்துச் சொந்தம் என்று பயிற்சியில் சொன்னார்கள். வாயருகே நாலு கொக்கி. ஆட்டுக்குள் அது பெரிதாவதில்லை, சும்மா காத்துக்கிடக்கும். அந்தக் கட்டியை ஒரு நாய் பச்சையாகத் தின்றால்தான் அதற்கு வாழ்வு. மூக்குக்குள் ஏறி, கொக்கியை மாட்டிக்கொண்டு, நாக்கு வடிவத்தில் விரல் நீளத்துக்கு வளரும். நாய் தும்மும்போது அதன் முட்டைகள் வெளியே வரும். புல்லில் விழுந்தால் ஆட்டின் வயிற்றுக்குப் போகும். கையில் பட்டால் மனிதன் வயிற்றுக்கு. அங்கே பொரிந்து, ஈரலிலோ நுரையீரலிலோ போய்ச் சுருண்டு, கொஞ்ச காலத்தில் செத்துச் சுண்ணாம்பாகிவிடும். பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தராது. வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுக்கும்போது புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஈரலைச் சரியாக வேகவைக்காமல் தின்கிறவர்களுக்கு வேறு விதமாக வரும். முன்பு நம் ஊர்க் கூடத்தில் அறுப்பாளர் ஒருவர் பந்தயத்துக்காகப் பச்சை ஈரலில் ஒரு துண்டு தின்றார். ஒரு மணி நேரத்தில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே யாரோ சொரிகிற மாதிரி இருக்கிறது என்றார். காது அடைத்தது, தும்மித் தும்மிக் கண் சிவந்தது, ஒரு வாரத்தில் சரியானார். அவரைக் கிண்டல் பண்ணிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். இதெல்லாம் தெரியாமல் நான் தப்பு செய்யவில்லை, தெரிந்தேதான் செய்தேன் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நெறிக்கட்டி எல்லாவற்றையும், நல்லதோ கெட்டதோ, நீலச் சாயம் ஊற்றிக் குழியில் போடவேண்டும் என்பது கூடத்து விதி. நான் சனிக்கிழமைதோறும் நல்லதாகத் தெரிந்ததைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேனேஜருக்கு இறைச்சித் துண்டு என்று உங்களிடம் சொன்னேன். கீறிப் பார்த்தாயிற்று, என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்ற திமிர். வேகவைத்திருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. வேகவைத்ததை அவன் முகர்ந்துவிட்டுப் போய்விடுவான். பச்சையாகக் கொடுத்தால் உடம்பு முழுக்க ஆட்டிக்கொண்டு தின்பான். "உன் கையில சாப்பிடுறப்ப அவன் மூஞ்சியப் பாரேன்" என்று நீங்கள் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்க ஒவ்வொரு வாரமும் பொட்டலம் பெரிதாகிக்கொண்டே போனது.

இனி எழுதப் போவதுதான் கஷ்டம். நான் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அவன் தும்மியபோது தரையில் ஒன்று விழுந்தது. வெளிறிப்போய், தட்டையாக, நாக்கு மாதிரியே. பார்த்ததும் தெரிந்துவிட்டது. காகிதத்தில் சுருட்டி எறிந்துவிட்டுத் தரையைத் துடைத்தேன். நீங்கள் சமையலறையில் இருந்தீர்கள். சொல்ல வாய் வரவில்லை. பரிசோதகன் வீட்டு நாய்க்கே இது என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? அவனை என்னோடு கூட்டிப்போய்ச் சத்தமில்லாமல் வைத்தியம் பார்த்துவிடலாம் என்றுதான் கழுத்துப்பட்டையைப் பிடித்தேன். காரணம் சொல்லியிருந்தால் நீங்கள் தந்திருப்பீர்கள். கோபித்துக்கொண்டு போவது எனக்குச் சுலபமாக இருந்தது.

பெரிய புள்ளியை நான் மாற்ற முடியாது. ஆனால் சின்ன இரண்டிலும் ஊசி வைத்துப் பார்த்தார்களா? இல்லையென்றால் பார்க்கச் சொல்லுங்கள். அவை நாக்குப்புழுவாக இருந்தால் நோய் பரவவில்லை என்று அர்த்தம். பரவவில்லை என்றால் வெட்டி எடுக்கலாம். நான் டாக்டர் இல்லை, என் கணிப்பு தப்பாகவும் போகலாம். இந்தக் கடிதத்தை அப்படியே டாக்டரிடம் கொடுங்கள். என் மானம் போனால் போகட்டும்.

உங்கள் கொழுந்தன்

*

பிப்ரவரி 1

கொழுந்தனாருக்கு,

டாக்டரிடம் கொடுத்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். "உங்க கொழுந்தன் என்ன வேலை பாக்குறார்?" என்றார். "ஆட்டு ஈரல் பாக்குறார்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கீழ்மாடியில் சதைத்துண்டுகளை மைக்ராஸ்கோப் கண்ணாடியில் வைத்துப் பார்க்கிற பிரிவிலிருந்து ஒரு டாக்டர் பெண்ணைக் கூப்பிட்டார். சின்ன வயசு. நாக்குப்புழு என்றதும் அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "நான் படத்துலதான் சார் பாத்திருக்கேன்" என்றாள். அப்புறம்தான் எதிரே நான் ஒருத்தி உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்து முகத்தை மாற்றிக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. வியாழக்கிழமை ஊசி.

மேனேஜரை உன் அண்ணன்தான் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மயக்கம் கொடுத்து, மூக்கைக் கழுவி, இரண்டை இடுக்கியால் இழுத்தார்களாம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "நீளமா இருந்துச்சு" என்றார். ஒரு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. பிறகு அப்படியே உட்கார்ந்து அழுதார். நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். யாருக்கு உடம்பு சரியில்லை என்றே எங்களுக்குக் குழப்பமாகிவிட்டது.

இப்போது உன் விஷயம். பொட்டலத்துக்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை. பிரியமாகத்தான் கொண்டுவந்தாய், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் தரையைத் துடைத்தாயே. அதற்குப் பிறகு ஒரு வாரம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாயே. அப்புறம் எட்டு மாதம். தினமும் அவன் மூக்கில் முத்தம் கொடுப்பேன் என்று உனக்குத் தெரியும். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான் உனக்குப் பெரிதாகப் போயிற்று. அதை என்னால் விழுங்க முடியவில்லை.

முடிவு வரும்வரை இங்கே வராதே. வந்தால் திட்டுவேன். உன்னைத் திட்டுவதற்கு நல்ல தெம்பு வேண்டும், இப்போது அது இல்லை.

அண்ணி

*

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணி,

வரவில்லை. நேற்று வியாழக்கிழமை. எத்தனை மணிக்கு ஊசி என்று தெரியாததால் காலை ஆறு மணியிலிருந்தே மனதால் உங்களோடு இருந்தேன்.

என்மேல் நானே புகார் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். என்ன செய்தேன், எத்தனை வருடம் செய்தேன் எல்லாம். "யாருமே கேக்கலையேய்யா, உனக்கு ஏன் இந்த வேலை?" என்றார். என்னைப் பரிசோதனை மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை அலுவலக அறையில் பழைய காகிதங்களை அடுக்குகிறேன்.

நானும் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். அதே வீட்டில், அதே நாயோடு இருந்தவன்தானே. எனக்கும் இரண்டு புள்ளி இருக்கக் கூடாதா என்று உண்மையிலேயே ஆசைப்பட்டேன். ஒன்றும் இல்லை. சுத்தமாக இருக்கிறது. அவனைத் தொட்டால் முழங்கைவரை சோப்புப் போடுகிறவன் நான், கூடத்துப் பழக்கம். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது பட்ட வெட்கத்தை வேறு எப்போதும் பட்டதில்லை.

திட்டுங்கள் அண்ணி. சீக்கிரம் தெம்பு வந்து திட்டுங்கள்.

உங்கள் கொழுந்தன்

*

பிப்ரவரி 13

தம்பி,

இரண்டும் புழு.

அந்தச் சின்னப் பெண் மாடிப்படி ஏறி ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "கொக்கி தெரியுதும்மா, கொக்கி தெரியுது" என்றாள். வார்டில் இருந்தவர்கள் எனக்கு ஏதோ பரிசு விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு புழு செத்துக்கிடக்கிறது என்ற செய்தியைக் கேட்டு உன் அண்ணன் ஒரு நர்ஸைக் கட்டிப்பிடிக்கப் போனார். நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

கெட்டது ஒன்றே ஒன்றுதான். வெட்டலாம் என்கிறார்கள். நாளைக்கு மருந்து ஏற்றுவதாக இருந்ததை நிறுத்தியாயிற்று. இருபத்தோராம் தேதி ஆபரேஷன். ஈரலில் ஓர் ஓரத்தை எடுத்துவிடுவார்கள், அது பிறகு வளர்ந்துகொள்ளுமாம். உத்தரவாதம் எதுவும் இல்லை என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார். ஆனாலும் தள்ளிப்போடுகிற பேச்சு போய்க் குணமாக்குகிற பேச்சு வந்துவிட்டது. புழு இரண்டையும் அப்படியே விட்டுவிடுவார்களாம். செத்துப்போனதுகள், வாடகை கேட்காமல் வைத்துக்கொள்கிறேன்.

உனக்கு நன்றி சொல்வதா, திட்டுவதா என்று தெரியவில்லை. அவற்றை எனக்குள் அனுப்பியவனும் நீதான், அவை என்ன என்று சொல்லிக் காப்பாற்றியவனும் நீதான். வாய் திறந்து நீ சொல்லாமல் இருந்திருந்தால், வெட்டக்கூடிய நோயோடு நான் செத்திருப்பேன். உன்மேல் கோபம் தீரவில்லை. ஆனால் நீ இல்லாமல் இந்த வீடு எனக்குப் பிடிக்கவும் இல்லை. இரண்டையும் எழுதிவிட்டேன்.

வா. உனக்கு ஒரு வேலை இருக்கிறது. கண் விழித்ததும் எல்லாரும் "நல்லா முடிஞ்சுது, ரெஸ்ட் எடுங்க" என்பார்கள். மோசமாக முடிந்தாலும் அதையேதான் சொல்வார்கள். உன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு உள்ளது உள்ளபடி வேண்டும். அதை நீதான் சொல்ல வேண்டும். இனி என்னிடம் எதையும் மறைக்கிற உரிமை உலகத்தில் எல்லாரையும்விட உனக்குத்தான் குறைவு.

தொண்டையில் குழாய் இருக்குமாம், பேச முடியாது. நீ பேசினாலும் மயக்கத்தில் எனக்கு நிற்காது. அதனால் எழுதி வை.

அண்ணி

*

பிப்ரவரி 21, மாலை
ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி

அண்ணி,

எழுதி வைக்கச் சொன்னீர்கள். நர்ஸிடம் கொடுக்கிறேன், நீங்கள் கண் விழித்ததும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நாலரை மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு சமயம் ரத்தம் அதிகமாகப் போய்விட்டது, இரண்டு பை ஏற்றினார்கள். அந்தக் கால் மணி நேரம் டாக்டருக்கும் பயமாகத்தான் இருந்ததாம். இதை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் முதலில் எழுதுகிறேன். இப்போது ரத்தம் நின்றிருக்கிறது. விலாவை ஒட்டித் தையல் வளைந்து நீளமாகப் போகிறது, ஒரு சாண் இருக்கும். வலிக்கும்.

வெட்டி எடுத்ததைத் தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து காட்டினார்கள். வீட்டு ஆட்கள் பார்க்க வேண்டுமாம். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பார்த்தேன். கையுறை கேட்டு வாங்கித் தொட்டும் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை ஈரல் பார்த்திருப்பேன், ஒன்றைப் பார்த்து முடிக்க இவ்வளவு நேரம் எடுத்தது இன்றைக்குத்தான். கட்டி ஒரு கோழிமுட்டை அளவு, கெட்டியாக, வெளிறி இருந்தது. அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு நல்ல சதை. வெட்டிய ஓரம் முழுக்க விரலை ஓட்டினேன். எங்கேயும் கட்டி தட்டவில்லை, நிறம் மாறவில்லை. உள்ளே மிச்சமிருப்பது பார்க்க நன்றாக இருந்தது என்று டாக்டர் சொன்னார்.

இது என் கண்ணும் விரலும் சொல்வது. என் கண் ஒரு தடவை ஏமாந்தது உங்களுக்கே தெரியும். அதனால் இதையே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கீழ்மாடிப் பெண் ஓரத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துப் பத்து நாளில் எழுதித் தருவாள். நல்லதோ கெட்டதோ, அந்தக் காகிதத்தை நான் படிப்பதற்கு முன்னால் நீங்கள் படிப்பீர்கள். பிரிக்காமல் கொண்டுவருகிறேன்.

கட்டி வந்த ஈரல் என்றால் முழுதையும் குழியில் போடு என்பதுதான் கூடத்து விதி. விதியை மீறுவது எனக்குப் புதிதில்லை. இது மட்டும் என் மேசைக்கு வந்திருந்தால், கெட்ட இடத்தை வெட்டிப் போட்டுவிட்டு, மீதிக்கு 'நல்லது' என்று முத்திரை குத்தி அனுப்பியிருப்பேன். முத்திரையை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். அதனால் கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் கொழுந்தன்